லுவாவின் சமையலறை வயர்லெஸ்

த்ரா போங் மலையில் பட்டை உரிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் லுவா. அப்பாவுக்கும் இரண்டு அண்ணன்மாருக்கும் இலவங்கப்பட்டைதான் தொழில். வீட்டுச் சுவரில், போர்வையில், அவள் தலைமுடியில்கூட அந்த வாசனைதான். இருபத்திரண்டு வயது வரைக்கும் அவள் கடலைப் பார்த்ததில்லை. மலையுச்சியில் நின்றால் கிழக்கே ஒரு வெள்ளிக் கோடு தெரியும். அது மேகம் என்று நினைத்திருந்தாள்.

லீ சோன் தீவிலிருந்து தியென் என்று ஒருவன் புதுப் படகுக்கு மரம் பார்க்க மலைக்கு வந்தான். ஒரே நாளில் முடிகிற வேலை. அவனோ நாலு நாள் தங்கினான். ஒரு மரம் வளைவு சரியில்லை என்றான், இன்னொன்றில் பொந்து இருக்கிறது என்றான். நாலாம் நாள் லுவாவின் அப்பா தன் மனைவியிடம், "மரம் பாக்க வந்தவன் கண்ணு மரத்து மேல இல்லையே, கவனிச்சியா?" என்று கேட்டார். அவள் முதல் நாளே கவனித்திருந்தாள்.

கிளம்புகிற அன்று காலையில், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று லுவா அவனிடம் கேட்டாள். ஹோவாங் ஸாவுக்குப் போவேன், மாதத்தில் இருபத்தைந்து நாள் அங்கேதான் இருப்பேன் என்றான் அவன். பெயரைக் கேட்டால் ஏதோ ஊர் மாதிரி இருந்தது. மஞ்சள் மணல் என்று அர்த்தம். ஆற்றங்கரையில் நல்ல வசதியான ஊராக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அங்க சந்தை எந்தக் கிழமை?" என்று கேட்டாள்.

தியென் சிரிக்கவில்லை. சந்தையெல்லாம் கிடையாது என்று மட்டும் சொன்னான். கல்யாணத்தன்று மூன்று கிண்ணம் அரிசிச் சாராயம் உள்ளே போனதும் அவள் சந்தை கேட்டதைத் தீவு முழுக்கச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு லுவாவுக்குப் புகுந்த வீட்டில் நிம்மதி போயிற்று. அடுத்த வீட்டில் தோவா என்று ஒருத்தி இருந்தாள், லுவாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் புருஷன் குவீயும் படகுக்காரன்தான். தோவாவின் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். லுவா கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "ஹோவாங் ஸா சந்தைக்கா போறே? எனக்கும் ரெண்டு கட்டு கீரை வாங்கிட்டு வாடி." லுவாவின் மலைநாட்டுப் பேச்சை அவள் அப்படியே பேசிக் காட்டுவாள். பூண்டு வயலில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். லுவாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைப்பாள்.

ஹோவாங் ஸா என்பது ஊர் இல்லை, நடுக்கடலில் சிதறிக் கிடக்கிற மணல் திட்டுகளும் கடலடிப் பாறைகளான பவளப் பார்களும் என்று அவளுக்குப் புரிய வெகுநாள் ஆகவில்லை. படகில் ஒரு பகலும் ஒரு இரவும் போனால்தான் முதல் திட்டு தெரியும். அந்தத் திட்டுகளுக்குச் சுற்றியுள்ள நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு வரைபடம் போட்டிருந்தார்கள், எல்லோரும் என்னுடையது என்றார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறாய் என்பதை வைத்தே நீ எந்தக் கரைக்காரன் என்று சொல்லிவிடலாம். லீ சோன்காரர்களுக்கு அது ஹோவாங் ஸா. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து போய் வருகிற இடம். அங்கே போய்த் திரும்பாதவர்களுக்குத் தீவில் சமாதி உண்டு. உடம்பு கிடைக்காததால் களிமண்ணில் ஒரு உருவம் செய்து, துணி உடுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புதைப்பார்கள். லுவாவின் மாமனார் சமாதிக்குள்ளும் களிமண்தான் இருந்தது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மகள் மை பிறந்தாள். தியென் அப்போது கடலில் இருந்தான். குழந்தை பிறந்த செய்தி அவனுக்குத் தெரிந்தது பத்தொன்பது நாள் கழித்து, படகை எதிர்க்கரையிலுள்ள ஸா கீ துறையில் கட்டியபோது. அங்கே ஐஸ் ஏற்றுகிறவன்தான் சொன்னான். தியென் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கீழே விடவே இல்லை. அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வயர்லெஸ் பெட்டியைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்து, கூரைக்கு மேல் நீளமாக ஒரு கம்பியை நட்டான். படகில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. இனிமேல் தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேசலாம் என்றான்.

முதல் நாள் லுவா ஐந்து மணிக்கு முன்பே பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மைக்கின் பொத்தானை அமுக்கி, "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்று தியெனின் குரல் வந்தது, கொதிக்கிற எண்ணெய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அடுத்து என்ன பேசுவது என்று அவள் யோசிப்பதற்குள் வேறொரு குரல், "நாங்களும் சாப்பிட்டோம் தங்கச்சி" என்றது. இன்னொருவர், இன்றைக்கு எங்கள் படகில் சோறு குழைந்துவிட்டது என்றார். ஒரே அலைவரிசையில் பதினான்கு படகும் கேட்டுக்கொண்டிருந்தன. லுவா மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் ஓடிவிட்டாள்.

ஆனால் கூச்சம் எத்தனை நாளைக்கு? ஒரு மாதத்தில் மற்றப் படகுக்காரர்களின் மனைவிமார் அவள் சமையலறைக்கு வர ஆரம்பித்தார்கள். ஐந்து மணிக்கு அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாகத் தோவாவும் வந்தாள். ஏதோ நெருப்பு வாங்க வந்தவள் மாதிரி வாசலில் நின்று, "எங்க வீட்டு மனுஷன் இருக்காரான்னு கேளேன்" என்றாள். லுவா மைக்கை அவளிடமே நீட்டினாள். தோவா போட்ட கூச்சலுக்கு வயர்லெஸ் தேவையே இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலே போதும் என்று குவீ அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான்.

நாளாக நாளாக மனைவிமார் வராத நேரத்திலும் படகுகள் லுவாவைக் கூப்பிட்டன. வானிலை என்ன சொல்கிறார்கள், மகனுக்குப் பரீட்சை என்ன ஆச்சு, எஞ்சின் பட்டை அறுந்துவிட்டது, இன்ன அளவில் புதிது வேண்டும் என்று துறையில் சொல்லி வை, இப்படி. காலை ஆறு மணிக்கு வானொலியில் வருகிற வானிலையைக் கேட்டு, அதைத் தீவுப் பேச்சில் திருப்பிச் சொல்வாள். ஒவ்வொரு படகும் அன்றைக்கு எந்தப் பார் பக்கம் நிற்கிறது என்று கேட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தானே வரைந்து வைத்திருந்த படத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். த்ரீ தோன், தா லோய், ஹாய் ஸாம், பொம் பாய், லின் கோன், ஃபூ லாம். எங்கே கடலட்டை கிடைக்கும், எங்கே நங்கூரம் பிடிக்காது, வாடை வீசினால் எந்தப் பாருக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் புதிதாகக் கடலுக்குப் போகிறவர்கள் அவளிடம் வழி கேட்டார்கள்.

அந்த அலைவரிசையில் இன்னொரு குரலும் வரும். வேறு கரைக்காரன். மனப்பாடம் செய்த மாதிரி அவர்கள் பாஷையிலேயே, இது உங்கள் கடல் இல்லை, உடனே வெளியேறுங்கள் என்று சொல்லும். படகுக்காரர்கள் பதிலுக்கு ஏதாவது கத்துவார்கள். சில நாள் பெரிய கப்பல் வந்து துரத்தும். ஒரு முறை தியெனின் வலை மொத்தமும் போயிற்று. வெறும் படகோடு வந்து இரண்டு வாரம் பூண்டு வயலில் வேலை செய்தான், பிறகு அடுத்த வலையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அங்கேயே போனான். வேறு கடல் இல்லையா என்று லுவா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். உன் அப்பாவை வேறு மலைக்குப் போகச் சொல்வாயா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

அந்த வருஷம் ஒன்பதாம் மாதத்தில் ஒரு புயல் வந்தது. வடக்கே போகும் என்று சொன்ன புயல் திடீரென்று தெற்கே திரும்பியது. லுவா மணிக்கொரு தடவை செய்தி கேட்டுக் கேட்டு அலைவரிசையில் சொன்னாள். படகுகள் கிடைத்த பாருக்குப் பின்னால் ஒதுங்கின. ஒரு பகல் முழுக்கக் காதில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. மறுநாள் காற்று தணிந்ததும் ஒவ்வொரு படகாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதின்மூன்று படகு பதில் சொன்னது. குவீயின் படகு சொல்லவில்லை.

அதில் பதினொரு பேர் இருந்தார்கள். கரைக் காவல் அலுவலகத்துக்குச் சொன்னார்கள். கப்பல் அனுப்புகிறோம், ஆனால் எங்கே தேடுவது என்று அவர்கள் கேட்டார்கள். அதுதான் யாருக்கும் தெரியவில்லை. தோவா அன்று அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. அதுதான் லுவாவுக்குப் பயமாக இருந்தது. அடுத்த நாள் சாயங்காலம் தோவாவின் மைத்துனர் களிமண் உருவம் செய்கிறவரைப் போய்ப் பார்த்து வந்ததாகச் செய்தி வந்தது. அவர் மலையடிவாரத்தில் மண் எடுத்துப் பிசையத் தொடங்கிவிட்டாராம்.

அதற்கு மறுநாள் விடிந்து, லுவா வானிலை சொல்லி முடித்த கையோடு பெட்டியில் ஒரு சத்தம் கேட்டது. பேச்சு இல்லை. கர் என்று ஒரு சின்ன இரைச்சல், நின்றது. மறுபடியும் கர். மின்னலாக இருக்கும் என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். லுவாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பெட்டியின் முனகல் ஒவ்வொன்றையும் கேட்டவள். யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள், மைக் நனைந்து குரல் மட்டும் வரவில்லை என்று அவளுக்குப் பட்டது. அலைவரிசையில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

"அமுக்கறது யாருன்னு தெரியல. நான் பேசறது கேக்குதுல்ல? ஆமான்னா ஒரு தடவை அமுக்குங்க. இல்லன்னா ரெண்டு தடவை. குவீ அண்ணன் படகா?"

கர்.

"எல்லாரும் உசிரோட இருக்கீங்களா?"

கர். ஒரே ஒரு தடவை. அடுத்தது வருமோ என்று சமையலறையில் எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. வாசலில் நின்றிருந்த தோவா உள்ளே வந்து லுவாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லுவா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எஞ்சின் ஓடுகிறதா? இரண்டு தடவை. இடம் காட்டுகிற கருவி வேலை செய்கிறதா? இரண்டு தடவை. கண்ணுக்கு ஏதாவது பார் தெரிகிறதா? ஒரு தடவை. அவள் காலண்டர் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் அதைப் பார்க்கவில்லை. மேற்கிலிருந்து ஆரம்பித்துப் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். த்ரீ தோனா? இரண்டு. ஹாய் ஸாமா? இரண்டு. தா லோயா? இரண்டு. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் பெட்டி வெறுமனே இரைந்தது. பொம் பாய் என்றதும் ஒரு தடவை வந்து நின்றது.

பாருக்குக் கிழக்கேயா என்று கேட்டாள். ஆம். நங்கூரம் பிடித்திருக்கிறதா? ஆம்.  வடகிழக்கிலிருந்து வீசுகிற வாடைக் காற்று இன்னும் ஓயவில்லை. அது கிழக்கே நிற்கிற படகை மேற்கே தள்ளும், மேற்கே இருப்பது பார். நங்கூரக் கயிறு அறுந்தால் படகு பவளத்தில் போய் மோதிச் சில்லுச் சில்லாகிவிடும். கரையிலிருந்து கப்பல் போக ஒன்றரை நாள் ஆகும். பக்கத்தில் எந்தப் படகு இருக்கிறது என்று படத்தைப் பார்க்கத் தேவையில்லை. தா லோய் பாருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது தியெனின் படகு. எட்டு மணி நேரப் பயணம். அலை இன்னும் கூரை உயரத்துக்கு இருக்கும் என்று இப்போதுதான் அவளே அறிவித்திருந்தாள்.

மற்றப் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தோவா பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுவா பொத்தானை அமுக்கினாள்.

"என்னங்க. நீங்கதான் கிட்ட இருக்கீங்க."

"கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றான் தியென்.

"போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

"இரு, பசங்களக் கேக்கறேன்."

இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் குரல் வந்தது. "எல்லாரும் சரின்னுட்டாங்க. ஒருத்தன் மட்டும் கேக்கறான், போன வருஷம் நம்மகிட்ட நங்கூரத்த வாங்கிட்டுப் போயி திருப்பித் தராதவருதான இந்த குவீன்னு."

கர், என்றது பெட்டி. ஆமாம் அதே ஆள்தான் என்று. மூன்று நாளில் முதல் தடவையாக அந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த எட்டு மணி நேரத்தில் லுவா பெட்டியை விட்டு நகரவில்லை. பாட்டரி தீர்ந்துவிடும், இனிமேல் அமுக்காதீர்கள், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டாள். எதைப் பேசுவது? யார் வீட்டுக் கூரை பறந்தது, யார் வீட்டுப் பன்றி வெள்ளத்தில் மிதந்து கோயிலுக்குள் போயிற்று, எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். தொண்டை கட்டியதும் மைக்கைத் தோவாவிடம் கொடுத்தாள். தோவா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "சட்டை நனஞ்சிருந்தா கழட்டிப் பிழிஞ்சு போடு. உனக்குச் சளி புடிச்சா யாரு பாக்கறது?" என்றாள். உடனே மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றையும் எல்லோரும் கவனித்தார்கள். வெளியேறுங்கள் என்று சொல்கிற அந்த வேற்றுக் குரல் அன்று முழுக்க வரவில்லை. அவனுக்கும் அந்தக் கர் சத்தம் கேட்டிருக்கும். அவர்கள் பாஷை தெரிந்தவன், அர்த்தமும் புரிந்திருக்கும். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று யாரும் போய்க் கேட்கவா முடியும்?

பிற்பகல் மூன்றேகாலுக்குத் தியென் பேசினான். கயிறு கட்டிவிட்டோம், பதினொரு பேரும் இருக்கிறார்கள், ஒருவனுக்குக் கை முறிந்திருக்கிறது என்றான்.   லுவா சரி என்றாள். அப்புறம், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பதின்மூன்று படகிலிருந்தும் பதில் வந்தது.

இழுத்துக்கொண்டு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. தோவா ஒரு பானைக் கோழிக்கஞ்சியோடு துறையில் நின்றாள். குவீ இறங்கி வந்ததும் முதலில் நங்கூரத்தைப் பற்றித்தான் திட்டினாள். பிசைந்து வைத்த களிமண்ணை என்ன செய்வது என்று மைத்துனர் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். அதைத் தூக்கி எறிவது நல்லதல்ல என்று பெரியவர்கள் சொன்னார்கள். தோவா போய் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, அடுப்பு போட்டுவிட்டாள். இன்றைக்கும் அந்த அடுப்பில்தான் சமைக்கிறாள்.

அதற்கப்புறம் லுவா தனியாக அந்தப் பெட்டி முன்னால் உட்காரவில்லை. தோவா காலைமுறைக்கு வந்தாள். அவள் வானிலை சொன்னால் புயலே பயந்து திரும்பிவிடும் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். சந்தைக் கிண்டலை அவள் விட்டுவிடவில்லை. ஆனால் வேறு யாராவது லுவாவின் மலைப்பேச்சைப் பேசிக் காட்டினால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனாள்.

குவீயின் படகில் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது ஸாங் என்ற சமையல்காரர். நாற்பத்தொரு வயது, கல்யாணமாகாதவர், பெண்கள் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். கரைக்கு வந்த நாலாம் நாள் ஒரு கூடை நண்டோடு லுவாவின் வாசலில் வந்து நின்றார். உங்கள் குரலை வைத்துப் பார்த்தால் உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். பிறகு நண்டைக் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தக் காரியத்தை அவர் அடுத்த மாதம் கடலிலிருந்துதான் சொன்னார். துறைக்குப் பக்கத்தில் அரிசிப் பலகாரம் விற்கிற மோ என்ற பெண்ணிடம் தன் சார்பாக ஒரு வார்த்தை கேட்க முடியுமா என்றார். மோ புருஷனை இழந்து ஆறு வருஷம் ஆனவள். இதை அவர் அலைவரிசையில் கேட்டபோது மற்றப் பதின்மூன்று படகும் கேட்டுக்கொண்டிருந்தன என்பது அவருக்கு மறந்துபோயிற்று. தோவா நேரே துறைக்குப் போய், எதற்கு என்று சொல்லாமல் மோவைக் கையோடு கூட்டி வந்து பெட்டி முன்னால் உட்கார வைத்தாள்.

மோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மைக்கைக் கையில் வாங்கினாள். "ஒரு புருஷனக் கடலுக்குக் குடுத்தாச்சு. இன்னொருத்தரக் குடுக்க மாட்டேன். கரையில இருந்து சமைக்கறதா இருந்தா வாங்க."

சரி என்று சொல்ல ஸாங்குக்கு வாய் வரவில்லை. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் அவருக்காகச் சொன்னார்.

அடுத்த வருஷம் மூன்றாம் மாதம், பூண்டு அறுவடை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. ஸாங் இப்போது மோவோடு துறையில் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முறை அவருடையது. லுவா அன்று வயலுக்கோ, எதிர்க்கரையில் படிக்கிற மகளைப் பார்க்கவோ போய்விடுவாள். ஸாங் வானிலை சொல்லி, படகுகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு, கடைசியில் அந்த வாரத்துக்கு ஒரு மீன் குழம்புப் பக்குவம் சொல்வார். எந்தப் பாரில் எந்த மீன் கிடைக்கும் என்று பார்த்துதான் பக்குவம். போன ஞாயிறு மிளகாய் எத்தனை என்பதில் லின் கோன் பக்கத்துப் படகுகளுக்கும் த்ரீ தோன் பக்கத்துப் படகுகளுக்கும் சண்டை வந்து, அரை மணி நேரம் வேறு யாரும் பேச முடியவில்லை.